ஏற்ற இறக்கங்களில் ஒரு கலைஞர்: பி. யு. சின்னப்பா

நுழையும்முன்

கைதட்டல்களை மட்டும் எண்ணி ஒரு கலைஞரின் வாழ்வை அளந்துவிட முடியாது. கைதட்டல் ஓய்ந்துபோன நாள்களில் அவர் என்ன செய்தார் என்பதும் அவ்வாழ்வின் அளவுகோலாகும். சிறுவயதில் மேடையில் புகழ்பெற்று, பதின்பருவத்தின் இறுதியில் குரலை இழந்து, மீண்டும் எழுந்து தமிழ்த் திரையுலகின் முன்னணி நடிகராக விளங்கியவர் பி. யு. சின்னப்பா. அவரை உருவாக்கிய பாலர் நாடகக் குழுக்களையும் அவர் கடந்துவந்த மேடு பள்ளங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊர்தோறும் கொட்டகை

விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி, அடுத்தடுத்து அமைந்துள்ள ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். ஒன்று பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர். ஆடிப்பூரத் தேரோட்டத்திற்குச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களெல்லாம் திரளும் ஊர். மற்றொன்று பருத்தியாலும் நூலாலும் வளர்ந்த ஊர். திருவிழாக் கூட்டமும் வணிகர் நடமாட்டமும் உள்ள இத்தகைய ஊர்களே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நாடகத்தைப் பேணி வளர்த்தன.

நாடகக் குழு ஓர் ஊருக்கு வந்து இறங்குவதே அந்நாளில் ஒரு விழாவாக இருந்தது. திரைச்சீலைகள், உடைப்பெட்டிகள், ஆர்மோனியம், மிருதங்கம், சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றுடன் பத்து வயதுச் சிறுவர்கள் முதல் முதியவர்கள் வரை ஒரு பெருங்குடும்பமே வந்து சேரும். கீற்றுக் கொட்டகை எழும். மாட்டுவண்டியில் பறை முழங்க, அன்றிரவு நடைபெறும் நாடகத்தின் அறிவிப்புத் தாள்கள் தெருக்களில் வழங்கப்படும். மக்கள் ஆதரவு இருக்கும் வரை குழு அவ்வூரில் தங்கியிருக்கும். வருவாய் குறைந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும்.

அக்காலக் கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவரின் செவிக்கும் பாடல் சென்று சேர வேண்டும். ஆகவே, உச்சச் சுருதியில் தெளிவாகப் பாடும் குரலே நடிகரின் முதல் மூலதனமாக இருந்தது. இந்த உண்மையை மனத்திற்கொண்டால்தான் சின்னப்பா இழந்தது எத்தகைய செல்வம் என்பது விளங்கும்.

பாலர் நாடகக் குழு

புதுக்கோட்டை தனி அரசாக விளங்கிய காலத்தில், அந்நகரில் 1916ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் சின்னப்பா பிறந்தார். தந்தை உலகநாதபிள்ளை மேடை நடிகர். ஊரின் பெயரும் தந்தையின் பெயருமே ‘பி. யு.’ என்னும் முன்னெழுத்துகளாயின. பாட்டும் நடிப்பும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. நாடகக் கொட்டகையே அவனுடைய பள்ளியாயிற்று.

சிறுவர்களை மட்டும் கொண்டு நாடகம் நடத்தும் முறைக்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர் தவத்திரு சங்கரதாசு சுவாமிகள் (1867–1922). வளர்ந்த நடிகர்கள் சிலரின் ஒழுங்கின்மையால் மனம் நொந்த அவர், சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் அவரை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கப்பட்டது. இத்தகைய குழுக்களைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்றே மக்கள் அழைத்தனர்.

அங்குச் சேர்ந்த சிறுவர்களுக்கு உணவும் உறையுளும் கிடைத்தன. சிறு ஊதியமும் உண்டு. வைகறையில் எழுந்து குரல்பயிற்சி செய்வது, பாடல்களையும் உரையாடல்களையும் மனப்பாடம் செய்வது, பகலில் ஒத்திகை, இரவில் நாடகம் என நாள்கள் கழிந்தன. இன்று அரசனாக நடித்தவன் நாளை காவலனாக நிற்பான். அரசியாக வந்தவன் மறுநாள் தோழியாக வருவான். எந்த வேடத்திற்கும் ஆயத்தமாக இருப்பதே குழுவின் நெறி. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு அது கடுமையான வாழ்க்கைதான். வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சி வாழ்ந்தவரும், ஒப்பந்தக் காலம் முடியும் முன்னரே ஓடிப்போனவரும் உண்டு. ஆயினும், தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நடிகர்களுள் பலரை ஆக்கித் தந்தவை அக்குழுக்களே.

சின்னப்பா முதலில் மீனலோசனி சபாவில் சிறுவேடங்கள் ஏற்றார். பின்னர்ச் சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்த அவர் தனிமையில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட உரிமையாளர், அவ்வூதியத்தை 75 ரூபாயாக உயர்த்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ‘பாதுகா பட்டாபிஷேகம்’ நாடகத்தில் பரதனாக நடித்துப் பாடியபோது, சின்னப்பாவின் பெயர் ஊர்தோறும் பரவியது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரனும் சிறுவனாக அதே குழுவில் நடித்தவர்.

மகரக்கட்டு

இளம்பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரிந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் மெல்லிய உச்சக் குரல் ஏறத்தாழ ஓர் எண்மம், அதாவது மேல் ‘ச’விலிருந்து கீழ் ‘ச’ வரை, தாழ்ந்துவிடுகிறது. இம்மாற்றம் முடியும் வரை குரல் ஒருநிலையில் நிற்காது, பாடும்போதே பிளவுபடும். இதனை ‘மகரக்கட்டு’ என்று நாடக உலகத்தார் வழங்கினர். ஏனையோருக்கு இது வளர்ச்சியின் இயல்பான படிநிலை. பாலர் நாடகக் குழுவில் பாடும் சிறுவனுக்கோ இது வேலையிழப்பு.

சின்னப்பாவுக்கும் அந்நாள் வந்தது. நேற்றுவரை கொட்டகையின் கடைசி வரிசையை எட்டிய குரல் இன்று அவருக்கே கட்டுப்படவில்லை. ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் அவர் குழுவைவிட்டு விலகினார். குழுவோ அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய வேடத்தை ஏற்க வேறொரு சிறுவன் ஆயத்தமாக இருந்தான். மேடையின் ஒளிவட்டம் எவ்வளவு விரைவாக இடம்மாறும் என்பதை இளம் வயதிலேயே சின்னப்பா உணர நேர்ந்தது.

வேடமில்லாத நாள்களில் கற்றவை

புதுக்கோட்டைக்குத் திரும்பிய சின்னப்பா இரண்டு துறைகளில் தம்மைப் புதிதாகப் பயிற்றுவித்துக்கொண்டார்.

முதலாவது இசை. சிறுவனாக இருந்தபோது இயற்கை தந்த குரலால் பாடியவர், இப்போது தாழ்ந்துவிட்ட தம் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தேடி, முறையாகக் கருநாடக இசை பயின்றார். இராகங்களின் இலக்கணத்தையும் தாளக் கணக்குகளையும் கற்றார். இசையரங்குகளிலும் பாடத் தொடங்கினார். இழந்த குரல் திரும்பி வரவில்லை. அதனினும் ஆழ்ந்த வேறொரு குரல் பயிற்சியால் உருவாயிற்று.

இரண்டாவது உடற்பயிற்சி. சிலம்பம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் ஆகியவற்றில் ஈடுபட்டார். ‘பாடும் நடிகர் மெலிந்த மேனியர்’ என்று மக்கள் எண்ணியிருந்த காலத்தில், திரண்ட தோளும் உறுதியான மார்பும் கொண்ட இளைஞராக அவர் உருப்பெற்றார்.

குழுவில் நிலையாக இருந்து நடிக்கும் வாய்ப்பு இல்லாததால், ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்பட்ட தனி நாடகங்களிலும் நடித்தார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் சந்தித்து நடிக்கும் முறை அது. எதிரே நிற்பவர் பாடும் பாட்டுக்கு அந்த நொடியிலேயே மறுமொழி பாட வேண்டும். பாலர் குழுவின் கட்டுப்பாட்டில் கிடைக்காத சமயோசித ஆற்றலை இவ்வனுபவம் அவருக்கு அளித்தது.

திரையில் வைத்த முதலடி

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில், நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாக மாறத் தொடங்கின. மேடையில் வெற்றிபெற்ற நாடகங்கள் படங்களாயின. மேடை நடிகர்கள் திரை நடிகர்களாயினர். அவ்வகையில், ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினத்திலிருந்து நாடகமாகி, பின் படமான ‘சந்திரகாந்தா’வில் (1936) சின்னப்பா அறிமுகமானார். பி. கே. ராஜா சாண்டோ இயக்கிய அப்படத்தில் இளவரசராகத் தோன்றிய அவருக்கு நற்பெயர் கிடைத்தது. பருத்தியூரான இராசபாளையத்தில் நூற்பாலைத் தொழில் கால்கொண்டதும் அதே 1936ஆம் ஆண்டில்தான். மாலைப்பொழுதைத் திரையரங்கில் கழிக்கும் புதிய மக்கள்திரள் ஒன்று தமிழகமெங்கும் உருவாகிவந்த காலம் அது.

எனினும், அறிமுகத்தில் கிடைத்த நற்பெயர் நிலைக்கவில்லை. ‘ராஜமோகன்’, ‘அநாதைப் பெண்’, ‘யயாதி’, ‘பஞ்சாப் கேசரி’, ‘மாத்ருபூமி’ எனப் படங்கள் தொடர்ந்து வந்தபோதிலும், அவற்றுள் எதுவும் அவரை முன்னணிக்குக் கொண்டுசெல்லவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. பாகவதர் எனப் போற்றப்பட்ட எம். கே. தியாகராஜரின் புகழ் வானளாவ உயர்ந்திருந்த வேளையில், சின்னப்பா வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நிலைக்கு ஆளானார். முதல் சரிவுக்குக் காரணம் அவருடைய உடல். இரண்டாம் சரிவுக்கோ தமக்குப் பொருத்தமான வேடம் அமையாமையே காரணம்.

ஒருவரே இருவராக

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் டி. ஆர். சுந்தரம் அவ்வேடத்தை வழங்கினார். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் ‘இரும்பு முகமூடி மனிதன்’ கதையைத் தழுவி 1940ஆம் ஆண்டு வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில், இரட்டைப் பிறவிகளான இரு இளவரசர்களாகவும் சின்னப்பா நடித்தார். தமிழ்த்திரையில் ஒரு கதைத்தலைவர் இரட்டை வேடமேற்ற முன்னோடிப் படமாக அது போற்றப்படுகிறது.

இன்று கணினியின் துணையால் எளிதில் செய்யப்படும் இக்காட்சிகளை அன்று படமாக்கியது கடுமையான பணி. ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, மறைக்காத பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பின்னர்ப் படச்சுருளைத் தொடக்கத்திற்கே சுற்றிக் கொண்டுவந்து, மறைப்பை மறுபாதிக்கு மாற்றி, அதே நடிகர் அடுத்த வேடத்தில் நடிப்பார். கருவி இம்மியளவும் அசையக்கூடாது. எதிரே எவருமில்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கிருந்து மறுமொழி வரும் நேரத்தைக் கணித்துக் காத்திருக்க வேண்டும். உடன்பிறந்தவனின் கண்கள் இருக்கும் உயரத்தில் பார்வை நிலைத்திருக்க வேண்டும். நேரக்கணக்கு சற்றே பிசகினாலும் இரண்டு பகுதிகளையும் மீண்டும் எடுக்க நேரிடும்.

நடிப்பின் அடிப்படையிலும் இது பெருஞ்சோதனையே. முகமும் குரலும் ஒன்றாக இருக்க, இறுமாப்புடைய ஒருவனையும் நற்பண்புடைய ஒருவனையும் நடையாலும் நோக்காலும் பேச்சின் விரைவாலும் மட்டுமே வேறுபடுத்திக் காட்ட வேண்டும். நாளொரு வேடம் புனைந்த பாலர் குழுப் பயிற்சி இங்கே கைகொடுத்தது. வேடமில்லாத நாள்களில் வளர்த்த உடல்வலிமை வாட்போர்க் காட்சிகளுக்கு உதவியது. கற்ற இசை பாடல்களுக்குப் பொலிவூட்டியது. படம் பெருவெற்றி பெற்றது. எவற்றைத் தம் சரிவுக்காலத்தில் சேர்த்துவைத்தாரோ, அவையே இப்போது அவரை உயர்த்தின.

இலக்கியம் திரையேறியது

அடுத்த சில ஆண்டுகளில் சின்னப்பா ஏற்ற வேடங்கள் தமிழ் மரபின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வந்தவை. ‘ஆர்யமாலா’ (1941) படத்தில் நாட்டார் கதைப்பாடல்களில் வாழும் காத்தவராயனாகத் தோன்றினார். பேராசிரியர் பெ. சுந்தரனார் 1891ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்னும் கவிதை நாடகம், 1942ஆம் ஆண்டு ‘மனோன்மணி’ என்னும் பெயரில் படமானது. அதில் சேர மன்னன் புருடோத்தமனாக நடித்தார். மாணவர் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, அந்நாடகப் பாயிரத்தின் ஒரு பகுதி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அதே ஆண்டில், சிலப்பதிகாரக் கதையைத் தழுவிய ‘கண்ணகி’ படத்தை ஜூபிடர் நிறுவனம் வெளியிட்டது. கண்ணகியாக பி. கண்ணாம்பாவும் கோவலனாகச் சின்னப்பாவும் நடித்தனர். இளங்கோவன் எழுதிய செறிவான உரையாடல்கள் தமிழ்ப் படங்களின் பேச்சுநடைக்குப் புதுவழி காட்டின. கோவலன் வேடம் வீரத்தால் கவரும் வேடமன்று. செல்வத்தைத் தொலைத்தவன், செய்த பிழைக்கு நாணுபவன், மனைவியின் சிலம்பை விற்கச் சென்று உயிரிழப்பவன். வாட்போரில் வெற்றிபெற்ற வீரனாக மக்கள் கொண்டாடிய நடிகர், தலைகுனிந்து நிற்கும் கோவலனாகவும் அவர்களின் உள்ளத்தைத் தொட்டார். பல்திறன் என்பது வேடங்களின் எண்ணிக்கையன்று. ஒன்றற்கொன்று முரணான உணர்வுகளை மெய்யாக்கும் ஆற்றலே என்பதற்கு அவ்விரு படங்களும் சான்றாகும்.

‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தின் இசையரங்கக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. பாடகராகவும் அவருக்குப் பக்கவாத்தியம் இசைப்பவர்களாகவும் சின்னப்பாவே ஒரே சட்டகத்தில் தோன்றுவார். குரல் உடைந்ததால் குழுவைவிட்டு வெளியேறிய இளைஞர், ஒரு முழு இசையரங்கையும் தாம் ஒருவராகவே நிரப்பிய காட்சி அது.

உச்சியும் முடிவும்

‘மங்கையர்க்கரசி’ (1949) படத்தில் மூன்று வேடங்களில் நடித்தார். ‘தவநடிக பூபதி’ என்னும் பட்டம் அவருடைய உழைப்பையும் புகழையும் ஒருங்கே உணர்த்தியது. ‘பிருதிவிராஜன்’ (1942) படத்தில் தம்முடன் நடித்த ஏ. சகுந்தலாவை அவர் மணந்துகொண்டார். பிறந்த ஊரான புதுக்கோட்டையை அவர் மறக்கவில்லை. ஈட்டிய பொருளைக்கொண்டு அங்கேயே வீடுகள் பல வாங்கி வாழ்ந்தார்.

ஆனால், காலம் மீண்டும் மாறிக்கொண்டிருந்தது. பின்னணிப் பாடல் முறை பரவியதால், நடிகரே பாட வேண்டும் என்னும் தேவை குறைந்தது. சமூகக் கதைகளும் அடுக்குமொழி உரையாடல்களும் மக்களை ஈர்த்தன. ‘ரத்னகுமார்’ (1949) படத்தில் சின்னப்பா கதைத்தலைவராக நடித்தபோது, எம். ஜி. இராமச்சந்திரன் சிறு வேடமொன்றில் தோன்றினார். ஓராண்டு ஈராண்டுக்குள் அந்நிலை தலைகீழாக மாறத் தொடங்கியது. பாடும் நடிகர்களின் காலம் முடிவை நெருங்கியிருந்தது.

மூன்றாவது சரிவு வந்திருந்தால் அவர் எவ்வாறு எதிர்கொண்டிருப்பார் என்பதைக் காணும் வாய்ப்பு தமிழ்க் கலையுலகிற்குக் கிட்டவில்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் சின்னப்பா புதுக்கோட்டையில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 35. அவர் நடித்த ‘சுதர்சன்’ அவருடைய மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பராசக்தி’ தமிழ்த்திரையில் வேறொரு காலத்தைத் தொடங்கிவைத்தது. அதன் கதைத்தலைவரான சிவாஜி கணேசன், 1958ஆம் ஆண்டு மீண்டும் படமாக்கப்பட்ட ‘உத்தமபுத்திர’னில் அதே இரட்டை வேடத்தை ஏற்றார்.

அதே பள்ளியின் மற்றொரு மாணவர்

பாலர் குழுக்களின் பயிற்சி, பாடும் நடிகர்களோடு முடிந்துவிடவில்லை. திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் அண்மையிலுள்ள விருதுநகரில் 1926ஆம் ஆண்டு பிறந்த வி. கே. ராமசாமியும் இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தவரே. 1947ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் முதிய வணிகராக நடித்தபோது அவருக்கு அகவை 21. கதைத்தலைவராகும் வயதில் முதியவர் வேடத்தை ஏற்றுத் தம் திறனைக் காட்டிய அவர், பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குணச்சித்திர நடிகராகவும் நகைச்சுவை நடிகராகவும் நிலைத்து நின்றார். சின்னப்பா குரலாலும் உடலாலும் வேடங்களை வென்றார். ராமசாமி தென்பாண்டிப் பேச்சின் இழுப்பாலும் ஏற்ற இறக்கத்தாலும் வென்றார். வழிகள் வேறு; ‘எந்த வேடத்திற்கும் ஆயத்தமாக இரு’ என்று கற்பித்த பள்ளி ஒன்றே.

கீற்றுக் கொட்டகைகள் இன்று இல்லை. அவற்றில் எரிந்த விளக்குகளும் அணைந்துவிட்டன. எனினும், பதினாறு பதினேழு வயதில் தம் குரல் மாறுவதை உணரும் ஒவ்வோர் இளைஞருக்கும் சின்னப்பாவின் வாழ்வு அண்மையானதே. அவர் வெற்றியின்போது நடித்தார்; வெற்றி இல்லாதபோது கற்றார். அவருடைய ஏற்றங்களைத் திரை காட்டியது. அவ்வேற்றங்களுக்கு அடித்தளமிட்ட நாள்களைக் காட்டும் படச்சுருள் எதுவுமில்லை.

தெரிந்து தெளிவோம்

ராஜபார்ட் – கதைத்தலைவன் வேடம்
ஸ்திரீபார்ட் – பெண்வேடம். பாலர் குழுக்களில் குரல் உடையாத சிறுவர்கள் ஏற்றது
கள்ளபார்ட் – கள்வன் வேடம்
பபூன் – நகைச்சுவை வேடம்
கட்டை – சுருதியின் அளவைக் குறிக்கும் சொல். மேடை நடிகர்கள் ஐந்து கட்டைச் சுருதியிலும் அதற்கு மேலும் பாடினர்
மகரக்கட்டு – பதின்பருவத்தில் ஆண்களுக்கு நேரும் குரல்மாற்றம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள ஊரிலோ முற்காலத்தில் நாடகக் கொட்டகை இருந்த இடத்தைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அங்கு நடைபெற்ற நாடகங்களைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. சிலப்பதிகாரத்தின் கோவலன் பாத்திரத்தை நடிக்கும் ஒருவர் முகக்குறிப்பிலும் குரலிலும் கொண்டுவர வேண்டிய மாற்றங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: மகரக்கட்டு என்பது யாது? பாலர் குழு நடிகர்களை அது எவ்வாறு பாதித்தது?

சிறுவினா: கணினி இல்லாத காலத்தில் இரட்டை வேடக் காட்சிகள் படமாக்கப்பட்ட முறையை விளக்குக.

நெடுவினா: ‘சரிவுக்காலத்தில் கற்றவையே சின்னப்பாவின் ஏற்றத்திற்கு அடிப்படையாயின’ – இக்கருத்தைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.